பழைய மோட்டார்ஹோமின் தகட்டுக் கூரை ஒழுகினால்: எங்கே சொட்டுகிறது, எங்கே தேடுவது

அமெரிக்காவில் 1970களிலும் 80களிலும் ஃபோர்டு, செவர்லே வேன்களின் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் கட்டிய மோட்டார்ஹோம்கள், அதாவது படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டிகள், இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்ஜினுக்கு உதிரிபாகம் கிடைக்கும். கைவேலை கொஞ்சம் தெரிந்தவர் வீட்டு வாசலிலேயே வைத்துப் பழுது பார்த்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும் இவை ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போவதற்குப் பெரும்பாலும் கூரை ஒழுகுவதுதான் காரணம். தண்ணீர் இறங்கி மரச்சட்டம் மக்கிவிட்டால், நல்ல இன்ஜினோடு வண்டி முழுவதுமே வீணாகிறது. சரியான இடத்தைக் கண்டுபிடித்து அடைத்திருந்தால் இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும் வண்டிகள் அவை.

இந்தக் கூரை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய அலுமினியத் தகடு. அதன் கீழே மரச்சட்டங்கள், இடையில் கண்ணாடியிழைப் பஞ்சு, அதற்கும் கீழே மெல்லிய பிளைவுட் சீலிங். தகடு பக்கச் சுவரோடு சேரும் இடத்தில் நீளமான அலுமினிய மோல்டிங் ஓடும். மோல்டிங்குக்கு (விளிம்பை மூடும் பட்டை) அடியில் புட்டி டேப் என்னும் மெழுகு போன்ற அடைப்பு நாடா, மேலே வரிசையாக ஸ்க்ரூ, ஸ்க்ரூக்களை மறைக்க ஒரு வினைல் பட்டை. இது போக வென்ட் (மூடியுள்ள காற்றுத் திறப்பு), ஏசி, ஃபிரிட்ஜின் புகைபோக்கி, கழிவுத்தொட்டியின் காற்றுக்குழாய், ஆன்டெனா என்று கூரையில் வரிசையாகத் துளைகள். ஒழுகல் அநேகமாக இந்த இணைப்புகளில் ஒன்றில்தான் இருக்கும். நடுத் தகடு தானாக ஓட்டையாவது குறைவு.

இணைப்புகள் ஏன் விட்டுப்போகின்றன என்றால், அலுமினியம் வெயிலில் நீண்டு குளிரில் சுருங்குகிறது. 7 மீட்டர் நீளத் தகடு 50 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்துக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் நகரும். இரும்பு ஏறக்குறைய அதில் பாதிதான். ஒவ்வொரு நாளும் நடக்கும் இந்த இழுபறியில் காய்ந்து இறுகிய புட்டி விரிசல் விடுகிறது, ஸ்க்ரூ தன் துளைக்குள்ளேயே ஆடி ஆடித் தளர்கிறது. அதனால் கூரையில் எதைப் பூசினாலும் அது காய்ந்த பிறகும் ரப்பர்த் தன்மையோடு இருக்க வேண்டும். கார் டிங்கரிங் புட்டி, எம்-சீல் மாதிரி கல்லாக இறுகும் பொருள்களை இங்கே கொண்டுவராதீர்கள்.

கையில் ஒரு காந்தத்தோடு ஏறுங்கள். ஒட்டினால் உங்கள் கூரை துத்தநாகப் பூச்சு போட்ட இரும்புத் தகடு. அதற்குத் துரு நீக்கி, துருத் தடுப்பு பிரைமர் அடிக்கும் வேலை கூடுதலாக உண்டு. ஒட்டாவிட்டால் அலுமினியம். கீழே அலுமினியத்துக்கு என்று தனியாகச் சொல்லாததெல்லாம் இரண்டுக்கும் பொருந்தும்.

ஒரு வாளி வெள்ளைக் கோட்டிங் வாங்கிக் கூரை முழுக்க உருட்டிவிட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். நான் அதைக் கடைசி வேலையாகத்தான் வைப்பேன். தளர்ந்த இணைப்பின் மேல் பூசிய கோட்டிங் சில மாதங்களில் அதே கோட்டில் விரியும். அப்போது ஓட்டையும் கோட்டிங்குக்கு அடியில் மறைந்து, தேடுவது முன்னைவிடக் கடினமாகிவிடும்.

தேடும் முறை

மேலே ஏறும்போது சட்டங்களின் மேல் ஒரு பிளைவுட் துண்டைப் போட்டு, அதன் மேல் முட்டி போட்டு நகருங்கள். நேராக மிதித்தால் தகடு குழியும். குழியில் தண்ணீர் தேங்கும். ஈரமான அலுமினியம் மோசமாக வழுக்கும் என்பதால், சோதனைக்குத் தண்ணீர் அடிக்கும்போது ஏணியில் நின்றே அடியுங்கள். வெளி மின்இணைப்பைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஹோஸ் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்க, மற்றவர் குழாயை மெதுவாகத் திறந்து கீழிருந்து மேலாக நனைத்துக்கொண்டு வர வேண்டும். முதலில் சுவரும் ஜன்னலும், பிறகு ஓர மோல்டிங், கடைசியாகக் கூரையில் உள்ள துளைகள். ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிஷமாவது விடுங்கள். எடுத்ததுமே மேலே அடித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது காரணம் என்றே தெரியாமல் போய்விடும். பிரஷர் வாஷர் வேண்டாம். நல்ல இணைப்பையும் அது பிய்த்துவிடும்.

இன்னும் துல்லியமானது காற்றுச் சோதனை. கேஸ் சிலிண்டரை மூடி, பைலட் தீ (எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறு சுடர்) உட்பட எல்லா நெருப்பையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல்களை மூடி, ஒரு ஜன்னலில் மட்டும் அட்டையால் சுற்றி அடைத்து மின்விசிறி ஒன்றை உள்ளே காற்றடிக்கும்படி வையுங்கள். உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் கூடியதும் வெளியே எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு போங்கள். குமிழி வரும் இடமெல்லாம் தண்ணீர் போகும் இடம். சொட்டு விழும் இடத்திலிருந்து பல அடி தள்ளிக் குமிழி வருவது சாதாரணம். சாக்பீஸால் ஒவ்வொன்றையும் வட்டமிட்டு வையுங்கள்.

கேபினுக்கு மேலே உள்ள படுக்கை நனைகிறது

ஓட்டுநர் தலைக்கு மேலே முன்னால் துருத்தி நிற்கும் படுக்கைப் பகுதிதான் இந்த வண்டிகளில் முதலில் மக்குவது. மெத்தையின் முன்விளிம்பு ஈரமாக இருக்கும், மூலையில் பழுப்புக் கறை படரும், பலகை விரலுக்கு அமுங்கும். கூரையிலேயே தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது, ஏனென்றால் பல சமயம் தண்ணீர் வண்டியின் நெற்றி, அதாவது படுக்கைப் பகுதியின் முன்முகம், வழியாகத்தான் வருகிறது.

முதலில் முன்விளக்குகளைச் சொல்கிறேன், ஹெட்லைட்டை அல்ல, உச்சியில் உள்ள சின்ன விளக்குகளை. அமெரிக்க விதிப்படி 80 அங்குலமும் அதற்கு மேலும் அகலமான வண்டிகளுக்கு முன்னால் உச்சியில் நடுவில் மூன்று, இரு ஓரத்தில் ஒவ்வொன்று என ஐந்து மஞ்சள் விளக்குகள் வேண்டும். ஐந்துக்கும் பின்னால் வயர் போகத் தகட்டில் துளை உண்டு. அடியில் இருக்கும் நுரை கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் மெத்தை) வெயிலில் பொடிந்துபோனால், மழை அந்தத் துளையில் புகுந்து வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே ஓடும். மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே துருவும் பச்சைப் பூத்த செம்பும் தெரிந்தால் வழி அதுதான். விளக்கைக் கழற்றி, பரப்பைச் சுத்தமாக்கி, பின்புறம் பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற பிசுபிசுப்பான நாடா) ஒட்டி, வயர்த் துளையில் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) வைத்து மாட்டுங்கள். வெளியே மேல்பக்கமும் இரு பக்கங்களும் மட்டும் சீலன்ட் கோடு இழுத்து, கீழ்ப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். எப்படியாவது உள்ளே போகும் ஈரம் வெளியே வர ஒரு வழி வேண்டும்.

அடுத்தது படுக்கையின் முன்ஜன்னல். அதன் சட்டத்துக்குப் பின்னாலும் இதே புட்டி டேப்தான் இருக்கும். மூன்றாவது, கூரைத் தகடும் முன்தகடும் சேரும் மோல்டிங். வினைல் பட்டை வருஷங்களில் சுருங்கி இரு முனைகளிலும் ஓரிரு அங்குலம் குறைந்துபோகும். அந்த இடைவெளியில் தண்ணீர் புகுந்து ஸ்க்ரூ வரிசை முழுவதையும் நனைக்கும்.

மோல்டிங்கைச் சரிசெய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வண்டியின் நான்கு பக்கத்துக்கும் இதே முறைதான். பட்டையை உருவிவிட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். எந்த ஸ்க்ரூ துருவால் மெலிந்திருக்கிறதோ, எது திருகாமலே கையோடு வருகிறதோ, அந்த இடத்தில் மரம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். தகட்டில் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். மோல்டிங்கை வளைக்காமல் இறக்கி, பழைய புட்டியைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். இறுகியிருந்தால் ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் காட்டலாம். இரும்புச் சுரண்டி அலுமினியத்தைக் கீறிவிடும். மிச்சமிருக்கும் பிசுக்கை மினரல் ஸ்பிரிட்டால் (பெயின்ட் கரைப்பான்) துடைத்து, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடையுங்கள். இந்தச் சுத்தம்தான் அலுப்பான வேலை, ஆனால் ஒட்டு நிற்பதும் நிற்காததும் இதில்தான் இருக்கிறது.

சுத்தமான தகட்டில் பியூட்டைல் டேப்பை ஒட்டுங்கள். கடையில் புட்டி டேப்பும் பக்கத்திலேயே தொங்கும், விலையும் குறைவு. அது சில வருஷங்களில் காய்ந்துவிடும். பியூட்டைல் நெடுநாள் பிசுபிசுப்போடு இருக்கும். கூடுதல் காசு கொடுக்கத் தகுந்த இடம் இது. மோல்டிங்கை மாட்டி, துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூக்களைப் போடுங்கள். துளை தளர்ந்திருந்தால் ஒரு அளவு தடித்த ஸ்க்ரூ. ஒரே மூச்சில் முறுக்காமல், எல்லா ஸ்க்ரூவையும் பாதி இறுக்கிவிட்டு, ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். டேப் ஓரத்தில் பிதுங்கும். இரண்டு மூன்று வெயில் நாள் கழித்து மறுபடி லேசாக இறுக்கினால் இன்னும் பிதுங்கும். அதற்குப் பிறகு பிதுங்கியதை வெட்டி எடுத்து, மேல்விளிம்பில் சீலன்ட் கோடு இழுத்து, புது வினைல் பட்டையைச் செருகுங்கள். பட்டையை இழுத்துப் பிடித்துச் செருகாதீர்கள். முனைகளில் கொஞ்சம் நீளம் விட்டு வெட்டுங்கள்.

சீலன்டில் இரண்டு வகை உண்டு. டைகோர் போன்ற நிறுவனங்கள் தானாகப் பரவும் வகையையும், வழியாமல் நிற்கும் வகையையும் தனித்தனியாக விற்கின்றன. படுக்கைவாட்டுப் பரப்புக்கு முதல் வகை. சுவருக்கும் நெற்றிக்கும் இரண்டாவது. மாற்றி வாங்கினால் நெற்றியில் வைத்ததெல்லாம் கண்ணாடி வரை வழிந்துவிடும்.

ஏசியைச் சுற்றிச் சொட்டுகிறது

மழை இல்லாத நாளில், ஏசி ஓடும்போது மட்டும் சொட்டினால் கூரையில் ஓட்டை இல்லை. ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் கூரை மேல்தான் போக வேண்டும். அடித்தட்டின் வடிகால் துளைகள் இலையாலும் தூசியாலும் அடைபட்டால் அது உள்ளே கொட்டும். மேல்மூடியைக் கழற்றித் துளைகளைச் சுத்தம் செய்தால் தீர்ந்தது.

மழையில் சொட்டினால் கேஸ்கெட்டைப் பாருங்கள். ஏசி உட்காரும் துளை பதினான்கேகால் அங்குலச் சதுரம். அதைச் சுற்றி ஒரு நுரை கேஸ்கெட். உள்ளிருந்து நான்கு போல்ட்கள் அதை அமுக்கிப் பிடிக்கின்றன. புதிய கேஸ்கெட் சுமார் ஒரு அங்குலத் தடிமன், அரை அங்குலத்துக்கு அமுங்கியிருப்பது சரியான நிலை. போல்ட் தளர்ந்திருந்தால் நான்கையும் சமமாக இறுக்குங்கள். ஏற்கெனவே தட்டையாக நசுங்கியிருந்தால் இறுக்குவதில் பயனில்லை, கேஸ்கெட்டையே மாற்ற வேண்டும். வெளியே ஏசியின் விளிம்பைச் சுற்றி சீலன்ட் பூசிவிடாதீர்கள். வடிய வேண்டிய தண்ணீரும் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

ஏசி 35 முதல் 45 கிலோ வரை எடை. பல வருஷம் அதைச் சுமந்த சட்டங்கள் தொய்ந்து, ஏசியைச் சுற்றி ஒரு குளம் தேங்கும். கேஸ்கெட்டை எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் குளம் ஒரு வழியைக் கண்டுபிடித்துவிடும். சீலிங்கைத் திறந்து, தொய்ந்த சட்டங்களின் இரு பக்கமும் புதுச் சட்டம் சேர்த்து, ஜாக்கியால் மெதுவாகத் தூக்கிப் பொருத்துவதுதான் நிரந்தரத் தீர்வு. பெரிய வேலைதான், ஆனால் இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் கூரையையே கழற்ற வேண்டி வரும்.

சீலிங் விளக்கில் சொட்டுகிறது, மேலே ஓட்டையே இல்லை

விளக்கின் துளை சீலிங்கில் இருக்கும் ஒரு திறப்பு மட்டும்தான். வேறெங்கோ புகுந்த தண்ணீர் சட்டத்தின் மேலோ வயரின் மேலோ ஓடிவந்து அங்கே கீழே இறங்குகிறது. வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று மட்டக்கோல் வைத்துப் பாருங்கள். விளக்கிலிருந்து மேட்டுப்பக்கம் உள்ள வென்ட், காற்றுக்குழாய், ஆன்டெனா ஆகியவற்றை முதலில் சோதியுங்கள். அடுத்த மழைக்கு முன் சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்துச் சாய்வை மாற்றி நிறுத்திப் பார்ப்பதும் நல்ல உபாயம். சொட்டு நின்றாலோ இடம் மாறினாலோ தேடும் திசை தெரிந்துவிடும்.

வென்ட் மூடி பிளாஸ்டிக் என்பதால் வெயிலில் மயிரிழை விரிசல் விடும். மூடி மாற்றுவது எளிது. துளை 14 அங்குலச் சதுரம் என்பது பொது அளவு. கீல் மட்டும் வென்ட்லைன், எலிக்ஸிர், ஜென்சன் என்று வேறுபடும், பழையதைப் பார்த்துப் பொருத்தமானதை வாங்குங்கள்.

மழையே இல்லை, குளிர்காலக் காலையில் சொட்டுகிறது

இது ஒழுகல் இல்லை. உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த தகட்டிலும் ஸ்க்ரூ முனைகளிலும் பட்டுத் தண்ணீராகிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். வெளிக்குழாய் இல்லாத ஹீட்டரையோ அடுப்பையோ எரித்துக்கொண்டு ஜன்னலை அடைத்துத் தூங்கினால் அத்தனையும் சீலிங்கில் போய் நிற்கும், அதோடு கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் உண்டு. ஒரு வென்ட்டையும் எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலையும் விரலளவு திறந்து வையுங்கள். சமைக்கும்போது விசிறி ஓடட்டும். கூரை மேல் இதற்காக எதையும் பூச வேண்டாம்.

நின்றால் ஒழுகவில்லை, மழையில் ஓட்டினால் ஒழுகுகிறது

நெடுஞ்சாலை வேகத்தில் எதிர்க்காற்று தண்ணீரை மேல்நோக்கித் தள்ளி முன் மோல்டிங்குக்கு அடியில் ஏற்றும். வண்டி முறுக்குவதில் தளர்ந்த இணைப்பு வாய் பிளக்கும். ஹோஸ் சோதனையில் இது அகப்படாது, காற்றுச் சோதனையில் அகப்படும். படுக்கைப் பகுதிக்குச் சொன்ன முன்விளிம்பு வேலையே இதற்கும்.

பின்மூலையில் அலமாரி நாற்றம், தரை மெத்தென்று இருக்கிறது

பின் ஏணியும் கூரை மேல் உள்ள சாமான் கம்பிகளும்தான் முதல் சந்தேகம். மெல்லிய தகட்டில் ஸ்க்ரூ போட்டு, அதன் மேல் ஆள் ஏறினால் ஒவ்வொரு மிதிக்கும் துளை பெரிதாகிறது. ஏணி, கம்பிகளின் கால்களைக் கழற்றி, அடியில் பியூட்டைல் வைத்து மாட்டுங்கள். கம்பிகளைப் பயன்படுத்தாவிட்டால் எடுத்துவிட்டுத் துளைகளை மூடிவிடுங்கள் என்றே சொல்வேன்.

தரை வரை ஈரம் வந்திருந்தால் சுவருக்குள் என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். குத்தூசியால் மரத்தைக் குத்திப் பாருங்கள். ஈரமானி இருந்தால், 15 சதவீதத்துக்குள் இருப்பது நல்ல மரம், 20-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும் மரம். நனைந்த கண்ணாடியிழைப் பஞ்சைக் காயவைத்து மறுபடி திணிக்காதீர்கள், புதியது போடுங்கள். பூசணம் பிடித்த இடத்தைத் திறக்கும்போது என்95 முகக்கவசம் அவசியம். மாற்றுச் சட்டத்துக்குச் சாதாரண உலர்ந்த மரமே போதும். செம்பு மருந்து ஏற்றிய மரம் மக்காது என்று வாங்குவார்கள், ஆனால் ஈரம் பட்டால் அந்தச் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும்.

வெள்ளைப் பொடியும் ஊசித் துளைகளும்

அலுமினியம் அரிக்கும்போது வெள்ளைப் பொடி பூக்கும். ஈர மரமோ இரும்பு ஆணியோ அடியிலிருந்து தகட்டைத் தின்றிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சின்னப் புள்ளி. சீலிங்கைத் திறந்திருந்தால் பகலில் உள்ளே இருட்டாக்கிக்கொண்டு மேலே பாருங்கள், துளைகள் வெளிச்சப் பொட்டுகளாகத் தெரியும்.

தனித்தனித் துளைகளுக்கு எட்டர்னாபாண்ட் போன்ற ஒட்டு டேப் போதும். நன்றாகச் சுத்தம் செய்து, துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் மிஞ்சும்படி வெட்டி, முனைகளை வட்டமாக்கி ஒட்டி, உருளையால் அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் அது பிடிக்கும். ஒட்டிய பிறகு நகர்த்த முடியாது, அதனால் முதலிலேயே கோடு போட்டுக்கொள்ளுங்கள். உள்ளங்கை அகலத்துக்குத் தகடு அரித்திருந்தால் அதே அலுமினியத்தில் ஒட்டு வெட்டி, பாலியூரித்தேன் சீலன்ட் தடவி, முனை மூடிய ரிவெட்டால் அடியுங்கள். சாதாரண ரிவெட்டின் நடுத்துளையே தண்ணீர் வழியாகிவிடும். ஒட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று வந்தால் ஓடு வேய்வது போல, மேட்டுப்பக்கத் துண்டு பள்ளப்பக்கத் துண்டின் மேல் ஏற வேண்டும். இரும்புத் தகட்டு ஒட்டை அலுமினியத்தில் வைக்காதீர்கள், இரண்டு உலோகம் சேரும் இடத்தில் அரிப்பு மறுபடி தொடங்கும்.

முன்னாலிருந்தவர் தாரும் சிலிகானும் பூசியிருக்கிறார்

இதுதான் எல்லாவற்றையும்விடப் பொறுமை கேட்கும் நிலை. சிலிகான் மேல் வேறெதுவும் ஒட்டாது, புதுச் சிலிகான்கூடச் சரியாக ஒட்டாது. வினிகர் வாடை அடிக்கும் வகை காயும்போது வெளிவிடும் அமிலம் உலோகத்துக்கும் ஆகாது. பிளேடால் வெட்டி, சிலிகான் நீக்கியைத் தடவி, ஊறவிட்டுச் சுரண்டி, துடைத்த இடத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நின்றால் இன்னும் சிலிகான் படலம் இருக்கிறது.

தாரை மதிய வெயிலில் தொடாதீர்கள், இழுபட்டு எங்கும் ஈஷும். குளிர்ந்த அதிகாலையில் அது நொறுங்கும், தட்டினால் சில்லு சில்லாக வரும். மீதியை மினரல் ஸ்பிரிட்டால் எடுக்கலாம். கூரை முழுக்கத் தார் என்றால் முழுவதையும் எடுக்க முயலாமல், இணைப்புகளைச் சுற்றி ஒரு கை அகலத்தை மட்டும் உலோகம் தெரியச் சுத்தம் செய்து, அங்கே முறையாக அடையுங்கள்.

அரிசோனா போன்ற வறண்ட இடத்திலிருந்து வண்டி வாங்குபவர்கள் உள்ளே கறை இல்லை என்று நம்பி வாங்குகிறார்கள். அங்கே மழை குறைவு, வெயில் அதிகம். சீலன்ட் எல்லாம் எப்போதோ வெடித்திருக்கும், கறை விழ மழை வந்திருக்காது. மழை அதிகமுள்ள ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களுக்கு ஓட்டிவந்தால் அக்டோபரில் மழை தொடங்கும்போது தெரியும். வாங்கிய உடனே காற்றுச் சோதனை செய்துவிடுங்கள்.

கோட்டிங்

இணைப்புகள் எல்லாம் முடிந்து, ஒரு நல்ல மழையும் பார்த்து, உள்ளே ஈரமானி இறங்கிக்கொண்டிருந்தால் இப்போது பூசலாம். அக்ரிலிக் கோட்டிங் மலிவு, பின்னாளில் அதன் மேலேயே பூசிக்கொள்ளலாம், ஆனால் தேங்கும் தண்ணீரில் தாங்காது. சிலிகான் கோட்டிங் தேங்கும் தண்ணீரையும் தாங்கும், ஆனால் அதன் மேல் பின்னாளில் சிலிகானைத் தவிர வேறொன்றும் பூச முடியாது. கூரை தொய்வில்லாமல் இருந்தால் நான் அக்ரிலிக் பக்கம். பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துக் கழுவி, முழுக்க உலரவிட்டு, வெற்று அலுமினியம் தெரியும் இடங்களில் அலுமினியத்துக்கான எட்சிங் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் முதல் பூச்சு) அடித்து, இரண்டு மெல்லிய கோட்டுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக உருட்டுங்கள். வெப்பம் 10 டிகிரிக்குக் குறையாத, அடுத்த 24 மணி நேரம் மழை இல்லாத நாளாகப் பாருங்கள். பனி இறங்குமுன் காய வேண்டும் என்பதால் காலையிலேயே தொடங்குவது நல்லது.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும், ஏணி வைத்து ஏறி எல்லா மோல்டிங் முனைகளையும், வென்ட்களின் சுற்றையும், முன்விளக்குகளையும் விரலால் தடவிப் பாருங்கள். சீலன்ட் விளிம்பு நகத்தில் தூக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தை அன்றே வெட்டியெடுத்துப் புதிதாக வையுங்கள்.